டவுன் சென்டருக்கு திரும்ப உயிர் குடுக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகர மையத்தை புதுப்பிக்கிறது பத்தி பேச்சு வந்தாலே அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். வரிசையா படிக்கணும்னு கட்டாயம் இல்ல, எந்த கேள்வி உங்களுக்கு வேணுமோ அதுக்கே நேரா போயிடலாம்.

கேள்வி: நகர மையத்தை புதுப்பிக்கிறதுன்னா என்ன? கட்டடத்துக்கு பெயிண்ட் அடிச்சு லைட் போடுறதா?

இல்லைங்க. ஒரு ஊரோட நடுவுல இருக்கிற பழைய கடைத்தெரு, மார்க்கெட், ஆபீசுங்க, ஆத்தங்கரை இதெல்லாம் ஒரு காலத்துல ஜனம் நெரிஞ்ச இடமா இருக்கும், அப்புறம் ஒவ்வொரு கடையா மூடி, மேல் மாடி காலியாகி, பொழுது சாஞ்சா ஆள் நடமாட்டமே இல்லாம போயிடும். அந்த இடத்துக்கு திரும்ப ஆளையும் பிழைப்பையும் கொண்டு வர்றதுக்கு செய்யற எல்லாமே இதுல அடக்கம், ரோடு, பஸ், வாடகை சட்டம், வீட்டுக்கடன், குப்பை அள்றது வரைக்கும். பெயிண்ட்டும் கிரானைட் தரையும் கடைசியா செய்ய வேண்டிய வேலை, போட்டோவுல நல்லா வர்றதால பல ஊர்ல அதை முதல்ல செஞ்சுடறாங்க.

ஒரு திட்டம் ஜெயிச்சுதான்னு பாக்க என்கிட்ட ஒரே அளவுகோல்தான் இருக்கு. வேலை முடிஞ்சு பத்து வருஷம் கழிச்சு, முன்னாடி அங்க கடை வெச்சிருந்தவங்க, குடியிருந்தவங்க எத்தனை பேர் இன்னும் அங்கயே இருக்காங்க? கீழ வர்ற ஊர்களை எல்லாம் அதை வெச்சுதான் எடை போட்டிருக்கேன்.

கேள்வி: டவுன் சென்டர் ஏன் காலியாகுது? ஜனங்களுக்கு பிடிக்காம போயிடுச்சா?

ஜனங்க மேல பழி போடுறது சுலபம், நடந்தது அது இல்ல. அமெரிக்காவை எடுத்துக்கலாம், அங்கதான் இது பெரிய அளவுல நடந்துச்சு. 1934ல ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன்னு ஒண்ணு ஆரம்பிச்சு வீட்டுக்கடனுக்கு அரசாங்கமே உத்தரவாதம் குடுத்துச்சு, அந்த கடன் புறநகர்ல புதுசா கட்டுற வீட்டுக்கு ஈசியா கிடைச்சுது, நகரத்துக்குள்ள இருக்கிற பழைய தெருவுக்கு கிடைக்கல, கறுப்பின மக்கள் இருக்கிற தெருன்னா சுத்தமா கிடைக்கல. அந்தக் காலத்துல போட்ட மேப்புகள்ல அப்படிப்பட்ட ஏரியாவை சிவப்பு கலர்ல அடிச்சு வெச்சிருப்பாங்க. அப்புறம் 1956 ஹைவே சட்டம், இன்டர்ஸ்டேட் ரோடு செலவுல 90 சதவீதம் மத்திய அரசே குடுக்கும்னு சொன்னதும் எந்த மேயர்தான் வேணாம்பார்? ரோடு நேரா ஊர் நடுவுலயே வெட்டிக்கிட்டு போச்சு. வெளிய வீடு வாங்க கடன், அங்க போக ரோடு, போற வழியில மால், மூணும் சேர்ந்ததும் டவுன் கடைக்காரருக்கு வாடிக்கையாளர் போனாங்க, கடை போனதும் நகராட்சிக்கு வரி போச்சு, வரி போனதும் தெருவை பராமரிக்க காசு இல்ல, தெரு மோசமானதும் மிச்சம் இருந்தவங்களும் கிளம்பிட்டாங்க. இது எல்லாமே யாரோ கையெழுத்து போட்டு எடுத்த முடிவு.

கேள்வி: அப்போ மொத்தமா இடிச்சுட்டு புதுசா கட்டிடலாமே?

அதைத்தான் முதல்ல செஞ்சாங்க. இதுக்கு மூத்த உதாரணம் பாரிஸ், 1853ல இருந்து 1870 வரைக்கும் மூணாம் நெப்போலியன் ஆட்சியில ஹவுஸ்மன் அப்படின்னு ஒரு அதிகாரி பழைய பாரிஸை கிழிச்சு அகலமான ரோடு போட்டார், சாக்கடையும் குடிதண்ணியும் உண்மையிலேயே நல்லா வந்துச்சு, ஏழைங்க ஊர் ஓரத்துக்கு தள்ளப்பட்டாங்க.

அமெரிக்காவுல 1949 வீட்டுவசதி சட்டம் இதையே நாடு முழுக்க செய்ய வெச்சுது. ஒரு ஏரியாவை சேரின்னு அறிவிக்கலாம், நிலத்தை கட்டாயமா எடுத்துக்கலாம், இடிச்சு தரைமட்டமாக்கி தனியார் பில்டருக்கு மலிவா விக்கலாம், அதுல வர்ற நஷ்டத்துல மூணுல ரெண்டு பங்கு மத்திய அரசு குடுக்கும். பாஸ்டன் நகரத்துல வெஸ்ட் எண்ட்னு ஒரு ஏரியா இருந்துச்சு, இத்தாலியர், யூதர், போலந்துக்காரங்கன்னு கலந்து குடியிருந்த இடம், வாடகை குறைவு, பக்கத்து வீட்டுக்காரங்களை எல்லாருக்கும் தெரியும். 1958ல இருந்து இடிக்க ஆரம்பிச்சு கிட்டத்தட்ட 2,700 குடும்பங்களை கிளப்பி விட்டாங்க. அந்த இடத்துல வந்தது வசதியானவங்களுக்கான அபார்ட்மென்ட் டவர், பழைய ஆளுங்களால அதோட வாடகையை நினைச்சுக்கூட பாக்க முடியல. ஹெர்பர்ட் கேன்ஸ்னு ஒரு சமூகவியலாளர் இடிக்கிறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி அங்கயே குடியிருந்து ஆராய்ச்சி பண்ணினார், சேரின்னு அதிகாரிங்க சொன்ன இடம் நல்லா ஓடிக்கிட்டிருந்த ஒரு சமூகம்னு எழுதினார். அந்த மத்திய திட்டத்தை 1974ல நிறுத்திட்டாங்க. அதுக்குள்ள பல ஊர்ல நடு டவுன் கார் நிறுத்துற காலி மனையா மாறிடுச்சு.

கேள்வி: இதை யாரும் எதிர்க்கலையா?

எதிர்த்தாங்க, முக்கியமா ஜேன் ஜேக்கப்ஸ்ங்கிற ஒரு பெண்மணி. பிளானிங் படிச்சவர் கிடையாது, பத்திரிகையில வேலை பார்த்தவர், நியூயார்க்ல கிரீனிச் வில்லேஜ் பக்கம் ஹட்சன் தெருவுல குடியிருந்தார். 1961ல அவர் எழுதின புத்தகம் இந்தத் துறையையே திருப்பிப் போட்டுச்சு. ஒரு தெரு உயிரோட இருக்கணும்னா நாலு விஷயம் வேணும்னார்: ஒரே தெருவுல வீடு, கடை, ஆபீஸ் எல்லாம் கலந்து இருக்கணும், தெருக்கள் நீளமா போகாம அடிக்கடி திரும்ப வழி இருக்கணும், பழைய கட்டடமும் புதுசும் சேர்ந்து இருக்கணும், போதுமான ஜனம் நெருக்கமா வாழணும்.

இதுல பழைய கட்டடம் பத்தி அவர் சொன்னதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. அழகுக்காக அவர் அதை சொல்லல, கணக்குக்காக சொன்னார். புது கட்டடத்துக்கு வாங்கின கடனை அடைக்கணும்னா வாடகை ஜாஸ்தி வெச்சே ஆகணும், அந்த வாடகையை பேங்க்காலயும் செயின் ஸ்டோராலயும்தான் குடுக்க முடியும், புதுசா தொழில் ஆரம்பிக்கிறவன், தையல்காரர், பழைய புத்தகக் கடைக்காரர் இவங்களுக்கெல்லாம் கடன் என்னிக்கோ அடைஞ்சு போன பழைய கட்டடம்தான் கட்டுப்படியாகும். இன்னிக்கும் பழைய காம்ப்ளக்ஸை இடிச்சா அதுல இருந்த சின்ன கடைங்க ஏன் திரும்பி வர்றதே இல்லைன்னு கேக்கிறவங்களுக்கு பதில் இதுலயே இருக்கு.

நியூயார்க்ல பெரிய ரோடு, பாலமெல்லாம் போட்ட அதிகாரி ராபர்ட் மோசஸ் கொண்டு வந்த லோயர் மன்ஹாட்டன் எக்ஸ்பிரஸ்வே திட்டத்தை எதிர்த்தும் ஜேக்கப்ஸ் தெருவுல இறங்கி போராடினார், அந்த ரோடு கடைசி வரைக்கும் வரவே இல்ல. வந்திருந்தா இன்னிக்கு உலகமே தேடிப் போற சோஹோ பகுதி இருந்திருக்காது.

கேள்வி: அதுக்கு முன்னாடி இப்படி யாருமே யோசிக்கலையா?

யோசிச்சாங்க, அதுல ஒருத்தர் தஞ்சாவூர் வரைக்கும் வந்து யோசிச்சிருக்கார்! பேட்ரிக் கெட்டஸ், ஸ்காட்லாந்துக்காரர், அடிப்படையில உயிரியல் ஆள். எடின்பரோவோட பழைய டவுன் இடிஞ்சு விழற நிலைமையில இருந்தப்போ, 1880கள்ல, கல்யாணமான புதுசுலயே மனைவி அன்னாவோட அங்கயே ஒரு ஓட்டை வீட்டுக்கு குடி போனார். தெருவை மொத்தமா இடிக்காம, எது ரொம்ப மோசமோ அந்த ஒண்ணு ரெண்டு கட்டடத்தை மட்டும் எடுத்துட்டு அந்த இடத்தை முற்றமாவும் சின்ன தோட்டமாவும் ஆக்கி, மிச்சத்தை ரிப்பேர் பண்ணினார்.

1914ல மெட்ராஸ் கவர்னர் பென்ட்லண்ட் கூப்பிட்டு இந்தியா வந்தார். அவர் பல வருஷமா சேர்த்த நகரக் கண்காட்சி வரைபடங்கள் எல்லாம் கிளான் கிராண்ட்ங்கிற கப்பல்ல தனியா வந்துச்சு, அந்த கப்பலை ஜெர்மன்காரனோட எம்டன் மூழ்கடிச்சுடுச்சு, அதே வருஷம் செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்து எண்ணெய் டேங்க் மேல குண்டு போட்ட அதே எம்டன்தான். நண்பர்கள்கிட்ட இருந்து திரும்ப சேகரிச்சு 1915 ஆரம்பத்துல மெட்ராஸ்ல கண்காட்சி நடத்தி முடிச்சார் மனுஷன். அப்புறம் மதுரை, தஞ்சாவூர்னு மெட்ராஸ் மாகாணத்து ஊர்களுக்கு போய் தெருத்தெருவா நடந்து அறிக்கை எழுதினார். அங்க இருந்த இன்ஜினியருங்க நெரிசலுக்கு மருந்தா நேர்கோடு போட்டு அகல ரோடு வெட்டலாம்னு பிளான் வெச்சிருந்தாங்க, அதுல எத்தனை வீடு போகுதுன்னு எண்ணிக் காட்டி, நாலு இடிஞ்ச வீட்டை மட்டும் எடுத்து, குறுகலான சந்துகளை கொஞ்சம் திறந்து விட்டு, மரம் நட்டா குறைஞ்ச செலவுல அதே பலன் கிடைக்கும்னு சொன்னார். ஜேக்கப்ஸ் புத்தகத்துக்கு 46 வருஷம் முன்னாடி நம்ம தெருவுல நின்னு சொன்ன விஷயம் இது. நம்மள்ல ரொம்ப பேருக்கு இது தெரியாதுங்கிறது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கேள்வி: ஷாப்பிங் மாலை உருவாக்கின ஆளே டவுனை காப்பாத்த பாத்தார்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான், விக்டர் க்ரூயன். வியன்னாவுல பிறந்த யூதர், 1938ல ஹிட்லர் ஆஸ்திரியாவுக்குள்ள வந்ததும் தப்பிச்சு அமெரிக்கா போனவர். 1956ல மினியாபோலிஸ் பக்கத்துல எடைனாங்கிற ஊர்ல சவுத்டேல்னு முழுசா மூடின, ஏசி போட்ட முதல் மாலை கட்டினார். அவர் மனசுல இருந்தது வியன்னா தெருதான், மாலை சுத்தி வீடு, பள்ளிக்கூடம், மருத்துவ வசதி எல்லாம் வர்ற மாதிரிதான் பிளான் போட்டார், கட்டினது மாலும் அதை சுத்தி கடல் மாதிரி பார்க்கிங்கும் மட்டும்.

அதே 1956ல டெக்சஸ்ல ஃபோர்ட் வொர்த் நகரத்துக்கு இன்னொரு பிளான் குடுத்தார். டவுனை சுத்தி ஒரு வளைய ரோடு, காரெல்லாம் அதை ஒட்டின பார்க்கிங் கட்டடத்துலயே நின்னுடணும், உள்ள நடந்து போகணும், முடியாதவங்களுக்கு சின்ன எலக்ட்ரிக் வண்டி, கடைக்கு சரக்கு தரைக்கு கீழ சுரங்கத்துல வரும். அந்த பிளான் நடக்கவே இல்ல, அதோட வளைய ரோடை மட்டும் மத்த ஊருங்க காப்பி அடிச்சாங்க, உள்ள நடக்கிறதை விட்டுட்டாங்க. இங்கிலாந்துல பர்மிங்ஹாம் தன்னை சுத்தி ஒரு ரிங் ரோடு போட்டு 1971ல முடிச்சுது, அது ஊர் கழுத்தை இறுக்குதுன்னு பின்னாடி புரிஞ்சு போய் அதையே உடைச்சு தரைமட்டத்துல ஜனம் கடக்க வழி பண்ணினாங்க. க்ரூயன் பிற்காலத்துல வியன்னாவுக்கே திரும்பிட்டார், மாலுக்கு அப்பான்னு தன்னை சொல்லக்கூடாதுன்னு பகிரங்கமா பேசினார். அவர் திரும்பின வியன்னாவுக்கு வெளியிலயும் 1976ல ஒரு பெரிய மால் திறந்தாங்க.

கேள்வி: கடைத்தெருவுல வண்டி விடறதை நிறுத்திட்டா வியாபாரம் படுத்துடாதா? எல்லா கடைக்காரரும் இதைத்தான் சொல்றாங்க

1962ல டென்மார்க்ல கோபன்ஹேகன் கடைக்காரங்களும் இதையேதான் சொன்னாங்க. அந்த வருஷம் நவம்பர் 17 அன்னிக்கு ஸ்ட்ரோயட்ங்கிற முக்கிய கடைத்தெருவை, சுமார் 1.1 கிலோமீட்டர், சோதனைக்காக வண்டி இல்லாம மூடினாங்க. இந்த குளிர்ல யார் நடப்பா, இது இத்தாலியா என்னன்னு சண்டை. ரெண்டு வருஷத்துல நிரந்தரமாக்கிட்டாங்க, ஏன்னா ஜனம் வந்துச்சு. யான் கேல்னு ஒரு கட்டடக் கலைஞர் வருஷக்கணக்கா தெருவுல நின்னு எத்தனை பேர் நடக்கிறாங்க, எத்தனை பேர் உக்காந்திருக்காங்கன்னு எண்ணிக்கிட்டே இருந்தார், அந்த எண்ணிக்கையை வெச்சுத்தான் அடுத்த தெருவை மூட அனுமதி வாங்கினாங்க. 1962ல 15,800 சதுர மீட்டரா இருந்த வண்டியில்லாத இடம் அடுத்த நாப்பது சொச்சம் வருஷத்துல சுமார் ஒரு லட்சம் சதுர மீட்டர் ஆச்சு. பார்க்கிங்கையும் வருஷத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாங்க, ஒரே நாள்ல பிடுங்கல, அதனால யாரும் பெருசா கோவப்படல.

கடைக்காரங்க பயத்துல நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். அமெரிக்காவுல 1959ல கலமசூவுல ஆரம்பிச்சு கிட்டத்தட்ட 200 ஊர்ல மெயின் ரோட்டை இப்படி மூடினாங்க, முக்கால்வாசி ஊர்ல திரும்ப கார் விட்டுட்டாங்க, ஃப்ரெஸ்னோவுல 1964ல மூடினதை 2017ல திறந்தாங்க. காரணம் என்னன்னா, கோபன்ஹேகன் டவுன்ல ஆள் குடியிருந்தாங்க, படிச்சாங்க, சைக்கிள்ல வந்தாங்க. ஃப்ரெஸ்னோவுல சுத்து வட்டாரத்துல ஆளே குறைஞ்சு போச்சு, காரை மட்டும் எடுத்தா என்ன மிஞ்சும்? போல்டர், பர்லிங்டன் மாதிரி பல்கலைக்கழக ஊர்கள்ல இன்னிக்கும் அந்த நடைத்தெருங்க ஜேஜேன்னு இருக்கு.

கேள்வி: ஸ்பெயின்ல இருக்கிற பில்பாவோ மாதிரி ஒரு பெரிய மியூசியம் கட்டினா போதாதா?

போதாது. 1997ல ஃபிராங்க் கெரி டிசைன் பண்ணின குகன்ஹைம் மியூசியம் திறந்ததைத்தான் எல்லாரும் பாக்கிறாங்க. அதுக்கு முன்னாடியே ஆத்துத் தண்ணியை சுத்தம் பண்ற வேலை நடந்துக்கிட்டிருந்துச்சு, 1992ல நிலத்தை ஒருங்கிணைக்க தனி அமைப்பு வந்துச்சு, 1995ல மெட்ரோ ஓடுச்சு. மியூசியத்தை மட்டும் காப்பி அடிக்கிற ஊருக்கு பில் மட்டும்தான் மிஞ்சும். பாஸ்டன்ல 1976ல ஃபெனுவில் ஹால் பழைய மார்க்கெட்டை புதுப்பிச்சு ஜெயிச்சதை பார்த்து டொலிடோ, ஃபிளின்ட்ங்கிற அமெரிக்க ஊர்கள்லயும் அதே மாதிரி கட்டினாங்க, சில வருஷத்துலயே மூடிட்டாங்க.

கேள்வி: சியோல்ல ஃபிளைஓவரை இடிச்சு ஆத்தை கொண்டு வந்தாங்களே, அது முழு வெற்றிதானே?

தென் கொரியாவோட தலைநகர் சியோல்ல இருக்கிற சோங்கேசோன் ஓடையை சொல்றீங்க. 1958ல இருந்து அந்த ஓடையை கான்கிரீட் போட்டு மூடினாங்க, மேல 5.6 கிலோமீட்டருக்கு ஒரு ஃபிளைஓவரும் வந்துச்சு, மேலயும் கீழயுமா தினமும் சுமார் 1,68,000 வண்டி ஓடுச்சு. 2002ல மேயரான லீ மியுங் பாக், பின்னாடி நாட்டுக்கே ஜனாதிபதி ஆனவர், 2003 ஜூலையில இடிக்க ஆரம்பிச்சு 2005 அக்டோபர் 1ல ஓடையை திறந்துட்டார். பஸ் சர்வீஸையும் 2004ல மொத்தமா மாத்தி அமைச்சாங்க, ஊர் ஸ்தம்பிச்சுடும்னு பயந்த மாதிரி எதுவும் நடக்கல. கோடையில ஓடைக்கரையில பக்கத்து ரோட்டை விட பல டிகிரி சூடு குறைஞ்சுது. ஓடுற தண்ணியில பெரும்பகுதி ஹான் ஆத்துல இருந்து பம்ப் பண்றதுதான், அதனால இது இயற்கை ஆறு இல்லைன்னு சூழலியலாளருங்க சொல்றது சரியான விமர்சனம்.

நான் சொல்ல நினைக்கிறது அங்க இருந்த வியாபாரிங்க பத்தி. ஃபிளைஓவர் நிழல்ல பழைய சாமான், டூல்ஸ், துணின்னு போட்டு வித்துக்கிட்டிருந்த தெரு வியாபாரிங்களை கிளப்பி டாங்டேமுன் ஸ்டேடியத்துக்குள்ள இடம் குடுத்தாங்க. நாலு வருஷம் ஆகுறதுக்குள்ள அந்த ஸ்டேடியத்தையும் இடிக்க முடிவு பண்ணிட்டாங்க, ஜஹா ஹடிட்ங்கிற கட்டடக் கலைஞரோட டிசைன் பிளாசா வரணும்னு. 2008ல திரும்ப மூட்டை கட்டி வேற இடத்து சந்தைக்கு போனாங்க. கடை வெச்சிருந்தவங்களுக்காக ஊரோட தென்கிழக்குல கார்டன் ஃபைவ்னு ராட்சச காம்ப்ளக்ஸ் கட்டினாங்க, அங்க விலை கட்டுப்படியாகாம போக முடியாதவங்க நிறைய பேர். ஓடை அழகா இருக்கு, அதுல சந்தேகமே இல்ல. என் அளவுகோல்ல அது பாதி வெற்றிதான்.

கேள்வி: சிங்கப்பூர் சரியா செஞ்சுதா?

தண்ணி விஷயத்துல ரொம்ப சரியா. 1977ல லீ குவான் யூ பத்து வருஷம் டயம் குடுத்தார், 1987க்குள்ள சாக்கடையா இருந்த சிங்கப்பூர் ஆறு சுத்தமாச்சு. 1983ல தொங்கான் படகுங்களை எல்லாம் பாசிர் பாஞ்சாங் அனுப்பிட்டாங்க, தெருவுல சமைச்சு வித்தவங்களுக்கு தண்ணி, கழிவு வசதியோட ஹாக்கர் சென்டர் கட்டிக் குடுத்தாங்க. பிழைப்பை அழிக்காம கூரை குடுத்தாங்க பாருங்க, அதுக்கு நான் முழு மார்க் போடுவேன்.

கட்டடத்துல கதை வேற. மார்க்கெட் ஸ்ட்ரீட்ல செட்டியார்களோட கிட்டங்கிங்க இருந்துச்சு, ஒரே நீள ஹாலுக்குள்ள வரிசையா பலபேர் தரையில உக்காந்து, ஆளுக்கொரு மேசைப்பெட்டி வெச்சு வட்டித் தொழில் பண்ணின இடம், ராத்திரி படுக்கையும் அங்கயே. நிதி மையம் வரணும்னு அந்த வட்டாரத்தை அரசு எடுத்துக்கிச்சு, கிட்டங்கிங்க போச்சு, தொழில் பண்ணினவங்க டேங்க் ரோடு பக்கமும் மத்த இடத்துக்கும் கலைஞ்சு போனாங்க. சுற்றுலாப் பயணிங்களுக்கு காட்ட பழசு எதுவும் மிஞ்சாதுன்னு உறைச்சதுக்கு அப்புறம், 1989 ஜூலையில லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் உட்பட பல வட்டாரங்களை பாதுகாக்கணும்னு அரசிதழ்ல போட்டாங்க, 3,200க்கு மேல கட்டடம். முகப்பு பிழைச்சுது. மாடியில வாடகைக்கு நெருக்கி குடியிருந்தவங்க வீட்டுவாரிய வீடுகளுக்கு போயிட்டாங்க, கீழ கடை வாடகை ஏறிடுச்சு. லிட்டில் இந்தியாவோட சிராங்கூன் சாலை இன்னும் உயிரோட இருக்குன்னா தேக்கா மார்க்கெட்டும், ஞாயித்துக்கிழமை வந்து கூடுற வேலைக்கார தம்பிங்களும், பூக்கடையும், கோயிலும்தான் காரணம்.

கேள்வி: அரசாங்கத்தை எதிர்பாக்காம கடைக்காரங்களே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், டொரண்டோவுல செஞ்சாங்க. சுரங்க ரயில் வந்ததும் புளூர் தெருவுல மேல நடந்தவங்க கீழ போயிட்டாங்க, இன்னொரு பக்கம் மால் இழுத்துச்சு. புளூர் வெஸ்ட் வில்லேஜ் கடைக்காரங்க, எல்லா கடையும் கட்டாயமா ஒரு சின்ன கூடுதல் வரி கட்டணும், அந்த காசை அந்த தெருவுக்கே செலவழிக்கணும்னு சட்டமே கொண்டு வர வெச்சு 1970ல ஆரம்பிச்சாங்க. தானா குடுக்கிறவன் குடுக்கட்டும்னு விட்டிருந்தா பாதி பேர் ஓசியில பலனை அனுபவிச்சிருப்பாங்க. இன்னிக்கு உலகம் முழுக்க இந்த முறை இருக்கு, கட்டட ஓனர்ங்க கை ஓங்கி தெரு வியாபாரியை விரட்டுற இடங்களும் இருக்கு, அதை கவனிக்கணும்.

கேள்வி: இடம் நல்லா ஆனா வாடகை ஏறும், பழைய ஆளுங்க போயிடுவாங்க. இது தவிர்க்கவே முடியாததா?

லண்டன்ல தொழிலாளிங்க குடியிருந்த தெருவை வசதியானவங்க ஒவ்வொரு வீடா வாங்கி மாத்துறதை ரூத் கிளாஸ்ங்கிற சமூகவியலாளர் 1964லயே எழுதிட்டாங்க, அப்ப இருந்து இதை தவிர்க்க முடியாதுன்னு ஒரு சாக்கு சொல்லிக்கிட்டே இருக்காங்க. இத்தாலியில போலோன்யா நகரம் அது பொய்னு காட்டுச்சு. 1973ல, ஊருக்கு வெளிய புது குடியிருப்பு கட்டத்தான் பயன்படுத்திக்கிட்டிருந்த அரசு வீட்டுவசதி சட்டத்தையும் பணத்தையும் ஊர் நடுவுல இருக்கிற பழைய வீடுகளை சரி பண்ண திருப்பினாங்க. செர்வெல்லாட்டிங்கிற கட்டடக் கலைஞர் தலைமை. பழைய தூண் வரிசையும் செங்கல் சுவரும் அப்படியே, உள்ள குழாய், கழிப்பறை, சமையலறை புதுசு, அங்க இருந்த தொழிலாளிக் குடும்பங்க அங்கயே இருக்கணும்ங்கிறதுதான் நோக்கம். கட்டடத்தை பாதுகாக்கிறதும் அதுல இருக்கிற ஆளை பாதுகாக்கிறதும் ஒரே வேலைன்னு சொன்னாங்க. வீட்டு ஓனருங்க எதிர்ப்புனால நினைச்ச அளவுக்கு பரவல, ஆனாலும் இந்த வரலாறு முழுக்க எனக்கு ரொம்ப பிடிச்ச முயற்சி இதுதான்.

கேள்வி: இப்போ ஆபீசே காலியாகுதே, அதை வீடா மாத்தலாமா?

சில கட்டடத்தை மாத்தலாம். நியூயார்க்ல லோயர் மன்ஹாட்டன்ல 1995 வரிச்சலுகைக்கு அப்புறம் சுமார் 13,000 வீடு இப்படி வந்துச்சு. பழைய ஒல்லியான கட்டடம்னா சுலபம், 1970க்கு அப்புறம் கட்டின அகலமான கண்ணாடிக் கட்டடத்துல நடுப்பகுதிக்கு ஜன்னலே வராது, குழாயும் ஒரே இடத்துல இருக்கும், செலவு எகிறிடும். கனடாவுல கால்கரி நகரம் 2021ல சதுர அடிக்கு 75 டாலர் மானியம் குடுத்துத்தான் ஆரம்பிச்சுது.

கேள்வி: எங்க ஊர்லயும் இப்படி ஒரு திட்டம் வருது, கருத்துக் கேட்பு கூட்டத்துல என்ன கேக்கலாம்?

படத்தை பார்த்து அசந்துடாதீங்க. இப்போ அங்க எத்தனை கடை, எத்தனை குடும்பம், எத்தனை பிளாட்பார வியாபாரி இருக்காங்கன்னு எண்ணி எழுதின பட்டியல் இருக்கான்னு முதல்ல கேளுங்க, வேலை நடக்கிற மாசங்கள்ல அவங்க எங்க வியாபாரம் பண்ணுவாங்கன்னு கேளுங்க, முடிஞ்சதும் எந்த வாடகைக்கு திரும்ப வரலாம்னு எழுத்துல கேளுங்க. சென்னை பாண்டி பஜார்ல 2013ல பிளாட்பார கடைங்களை மாடி வெச்ச காம்ப்ளக்ஸுக்கு மாத்தினாங்க, 2019ல அகலமான நடைபாதை பிளாசா வந்துச்சு, நடக்க அருமையா இருக்கு. நடந்து போறவன் கண்ணுல பட்டாத்தான் வளையலும் ஹேர்பின்னும் விக்கும், மாடி ஏறி யார் வாங்குவா? அதனால மாற்று இடம்னு எதையாவது காட்டினாங்கன்னா அது தரைத்தளத்துலயா, ஜனம் நடக்கிற வழியிலயான்னு கேளுங்க. பஸ் ஸ்டாப் எங்க நகருதுன்னும் கேளுங்க. பொதுக் கழிப்பறை இருக்கான்னும் கேளுங்க, பொம்பளைங்க ஒரு கடைத்தெருவுல எவ்வளவு நேரம் இருக்க முடியும்ங்கிறதை பெரும்பாலும் அதுதான் முடிவு பண்ணுது.